தையலோடு முடியாத சிகிச்சை

நம்பிக்கை: கிரகணத்தன்று கர்ப்பிணி அரிவாள்மனையைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்.

உண்மை: கருவில் மேலுதடு 4 முதல் 7 வாரங்களுக்குள் கூடிவிடுகிறது, அண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அந்தச் சமயத்தில்தான் தெரியவரும். ஏழாம் மாதத்துக் கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை. மரபணுக்கள், புகைபிடித்தல், வலிப்புக்கான சில மாத்திரைகள் எனப் பல காரணங்கள் உண்டு. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ அண்ணப்பிளவோடோ பிறக்கிறது. மருமகளைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: பிளவோடு பிறந்த பிள்ளைக்கு மண்டை சரியாக வளராது, புத்தியும் மந்தம்.

உண்மை: வேறு பிறவிக் கோளாறுகள் இல்லாமல் பிளவு மட்டும் இருந்தால், பெரும்பாலும் மூளையும் அதை மூடிய மண்டையோடும் இயல்பாகவே வளரும். ஆனால் அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாவது சகஜம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

நம்பிக்கை: பிளவைத் தைத்த பிள்ளைக்குப் பதின்வயதில் கீழ்த்தாடை துருத்திக்கொண்டு வளர்கிறது.

உண்மை: பக்கவாட்டில் பாருங்கள். கன்னமும் மூக்கடியும் உள்வாங்கியிருக்கும். வாயை மூடினால் மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறம் விழும். பெரும்பாலும் பின்தங்கியது மேல்தாடைதான். அந்த எலும்புக்கு வளரும் திறனே இல்லை என்று நினைப்பதும் தவறு. இலங்கையில் பிளவுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே வளர்ந்துவிட்ட ஆண்களின் முக எலும்புகளை அளந்து ஆய்வாளர்கள் மைக்கேல் மார்ஸும் ஹூஸ்டனும் 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேல்தாடைக்கு இயல்பாக வளரும் திறன் இருப்பதை அது காட்டியது.

அப்படியானால் தடுப்பது எது? பெரும்பங்கு தழும்புக்கு. அண்ணத்தை மூடும்போது எலும்பின்மேல் உள்ள சவ்வைப் பெயர்த்து நடுவுக்கு இழுத்துத் தைக்கிறார்கள். இரண்டு ஓரங்களிலும் எலும்பு கொஞ்சம் வெறுமையாக நிற்கும். அங்கே தழும்பு கட்டும். பிள்ளை வளர வளர அந்தத் தழும்பு வளராது, சுருங்கும். மேல்தாடையை முன்னால் வரவிடாமல் ஆண்டுக்கணக்கில் பிடித்துவைக்கும்.

நம்பிக்கை: அப்படியென்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதே நல்லது.

உண்மை: கூடவே கூடாது. அண்ணம் திறந்தே இருந்தால் காற்று மூக்கு வழியே போய்விடும். 'ப', 'க', 'ச' எதுவும் தெளிவாக வராது. பேச்சு அப்படியே பழகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. அதனால்தான் உதட்டை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்தைப் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் தைக்கிறார்கள். தாடையைப் பின்னால் முன்னகர்த்த வழி இருக்கிறது. கைநழுவிய பேச்சு வயதை மீட்பது கடினம். இந்தக் கணக்கில் பேச்சுக்கே முதலிடம் தருவதுதான் சரி என்பேன்.

ஆனால் தையல் பிரித்ததும் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போவதுதான் பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம். கோரைப்பல் முளைக்கும் முன், சுமார் 7 முதல் 11 வயதில், ஈறுப் பிளவில் எலும்பு வைக்க வேண்டியிருக்கும். அதன்பின் பல்லுக்குக் கிளிப். வளர்ச்சி முடிந்தபின், தேவைப்படும் சிலருக்கு மட்டும் மேல்தாடையை முன்னகர்த்தும் அறுவை. உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. எனும் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் அடங்கியவை, சிகிச்சை 18 வயது வரை இலவசம். விட்ட இடத்திலிருந்து தொடர, உங்கள் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள்.