மச்சினன் மாத்திரை உனக்கு எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

கரமனையிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. உனக்கும் பிரஷர், மச்சினனுக்கும் பிரஷர். உனக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அம்லோடிபின், அவனுக்கு ஸ்ரீ சித்திராவில் மெட்டோப்ரோலால். "பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை ஒசத்திதானே, நானும் அதையே போடட்டுமா?" என்கிறாய். விழுங்குவதற்கு முன்னால் கேட்டாயே, அதுவரை புத்திசாலி.

இதில் ஒசத்தி, மட்டம் கிடையாதப்பா. அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர். பதறும்போது சுரக்கிற அட்ரினலின் இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் நெஞ்சு படபடக்கும். அந்த இடத்தை மாத்திரை முந்திப் பிடித்துக்கொள்ளும். துடிப்பு தணியும், சிறுநீரகத்தில் ரெனின் சுரப்பதும் குறையும், அழுத்தம் இறங்கும்.

விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1960களில் ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரை உருவாக்கியது நெஞ்சுவலிக்காக. 1988இல் நோபல் பரிசு வாங்கினார். பிரஷரைக் குறைக்கும் என்பது பிறகு தெரிந்த சங்கதி. இந்த இனத்து அட்டெனலால் வெகுகாலம் பிரஷருக்கு முதல் வரிசையில் இருந்தது. 2002இல் அதை லோசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் பக்கவாதம் லோசார்டன் எடுத்தவர்களுக்குக் குறைவு. வெறும் பிரஷர் மட்டும் உள்ளவர்களுக்கு இன்று பல டாக்டர்கள் பீட்டா பிளாக்கரை முதலில் எழுதாததற்கு இதுவும் ஒரு காரணம். மச்சினனுக்கு மாரடைப்பு வந்து போனதை மறந்துவிட்டாயா? அடிபட்ட இதயத்துக்கு ஓய்வு வேண்டும், அதை மெட்டோப்ரோலால் தரும்.

"எனக்கும்தான் படபடக்கிறது" என்பாய். இடவப்பாதி மழை தொடங்கினால் உனக்கு இழுப்பு வருமே! மூச்சுக்குழாயிலும் பீட்டா ஏற்பிகள் உண்டு. மெட்டோப்ரோலால் பெரும்பாலும் இதயத்தைத்தான் குறிவைக்கும். அளவு கூடினால் மூச்சுக்குழாயையும் தொட்டு இழுப்பைக் கூட்டும். சர்க்கரைக்கு வேறு மாத்திரை போடுகிறாய். சர்க்கரை திடீரென இறங்கினால் நடுக்கமும் படபடப்பும்தான் எச்சரிக்கை மணி. அந்த மணியை மெட்டோப்ரோலால் அமுக்கிவிடும். வியர்ப்பது மட்டும் மிஞ்சும்.

மச்சினனிடமும் ஒன்று சொல். பிரஷர் 120க்கு வந்துவிட்டது என்று அவனாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அட்ரினலினுக்கு இடம் கிடைக்காத நாட்களில் உடம்பு ஏற்பிகளைப் பெருக்கி வைத்திருக்கும். மாத்திரை சட்டென்று நின்றால் அட்ரினலின் அத்தனையிலும் ஒரேயடியாகப் பாயும். அவனுக்கு மறுபடி நெஞ்சுவலி, மாரடைப்பே கூட வரலாம். நிறுத்துவதானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

மாத்திரை தீர்ந்துபோய் நிற்கவும் கூடாது. ஆற்றுகால் பொங்காலை அன்று உங்கள் தெருவெல்லாம் அடுப்பு. மருந்துக்கடைக்கு நடக்கக்கூட வழி இருக்காது. ஒரு வாரம் முன்னதாகவே மாத்திரை அட்டையை வாங்கி வைக்கச் சொல். உன்னுடையதையும் சேர்த்து, தனித்தனி டப்பாவில்.

அன்புடன்,
அண்ணன்