எந்தப் பழைய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரலாம்?

சித்திரை பிறந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். பிளஸ் டூ பரீட்சை முடித்தவர்கள், பாலிடெக்னிக் கடைசி வருஷத்தில் இருப்பவர்கள், கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். ஒரு பழைய வண்டியை வாங்க வேண்டும், வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து மாட்டி வேகத்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும், சுவாமிமலையிலிருந்து கும்பகோணம் வரை ஊர் பார்க்க ஓட்ட வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அதைப் பெரும்பாலும் வண்டியை வாங்கிய பிறகு கேட்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

போன மாதம் ஒரு பையன் பழைய டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்தான். முன்னால் ஒரு யூரியா சாக்கு, பின்னால் ஒன்று. இரண்டையும் திண்ணையில் கவிழ்த்தான். ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 துண்டு துண்டாக வெளியே விழுந்தது. "எல்லா பார்ட்ஸும் இருக்கு சார், மாட்டினா போதும்" என்றான். சிலிண்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புகை வெளியேறும் போர்ட்டை யாரோ அரத்தால் ராவி உயர்த்தியிருந்தார்கள். இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில்கூட இல்லை. ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டேன். "அப்புறம் தரேன்னு சொல்லியிருக்காங்க சார்." கொடுத்த தொகையையும் சொன்னான். அவன் அப்பா ஒரு போகம் நெல் போட்ட காசு அது.

அதே வாரம் ஒரு தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். தாத்தா வாங்கிய அம்பாசிடர் மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பல வருஷமாக நிற்கிறதாம். மகன் ஆட்டோமொபைல் படிப்பதால் அவன்தான் அதை ஓடவிட்டாக வேண்டுமாம், குடும்ப கௌரவமாம். பையன் வாய் திறக்கவில்லை. அவனுக்குக் கார் மேல் ஆசையே கிடையாது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒருவன் ஊர்ப் பையன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான், இன்னொருவனுக்கு அப்பா தேர்ந்தெடுத்துவிட்டார். இரண்டுமே தப்பான வழி.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதற்குப் பிறகு ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் பைக்குக்கு ஆயிரம் ரூபாயாகவும் காருக்கு ஐயாயிரமாகவும் உயர்ந்தது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் அதையும் கூட்டினார்கள். சேசிஸ் நம்பர் மேல் இருக்கும் கிரீஸைத் துடையுங்கள், காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுங்கள், ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

எவ்வளவு மாற்றலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எஞ்சினையே மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்து. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினமும் ஓட்ட முடியாது. சாலையில் ஓட்டத்தான் ஆசை என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே வழி.

கார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், பொறுமையுள்ள எவனும் அதைப் பிரிக்கலாம். பயப்பட வேண்டியது தகரத்தைப் பார்த்து. அந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டமும் தரையும் துருவால் இற்றுப்போனால் காரின் முதுகெலும்பே போயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து வருஷம் மண் தரையில் நின்ற காரைச் சுத்தியலின் மரப்பிடியால் கீழிருந்து தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்காமல் பொத்பொத்தென்று கேட்டால் டிங்கரிங் செலவு எஞ்சின் செலவை விழுங்கிவிடும். வைக்கோலுக்குப் பக்கத்தில் நின்ற கார் என்றால் எலி ஒயரிங்கை விட்டுவைத்திருக்காது. வேகம் வேண்டும் என்பவர்களுக்கு, 90களில் கம்பெனியே இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் போட்டு விற்ற அம்பாசிடர் இருக்கிறது. அதையே தேடி வாங்குவது பழைய உடம்பில் புது எஞ்சினைத் திணிப்பதைவிட எவ்வளவோ மேல். பிரீமியர் பத்மினிக்கும் இதே துருக் கதைதான். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வீட்டில் வேலை பார்க்கவென்றே பிறந்த கார். தனிச் சேசிஸ் உண்டு, பானெட் முழுசாக முன்பக்கம் சாயும், டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் கை வைக்கலாம். ஆனால் உதிரிபாகத்துக்குத் தவம் கிடக்க வேண்டும். மேல்மூடி இல்லாத ஜீப்பைப் பெரிய டயர் போட்டு ஓட்டும் ஆசை இருப்பவர்கள் மேலே சொன்ன 2019 தீர்ப்பை இன்னொரு முறை படிக்கவும்.

இனி ஆர்.எக்ஸ். 100. இதைப் பற்றி நான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் வருகிற பத்துப் பையன்களில் ஏழெட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

அது நல்ல வண்டி. 1985இலிருந்து 1996 வரை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் நூறு கிலோ. ஜப்பான்காரன் கணக்குப் போட்டுக் கொடுத்தபடியே இருந்தால் இன்றைக்கும் அதன் இழுவையை மறக்க முடியாது. அப்படி இருக்கும் வண்டி அபூர்வம் என்பதுதான் விஷயம். சந்தையில் சுற்றுவதில் பெரும்பாலானவை நாலைந்து பேர் கைபட்டவை. போர் எடுத்து எடுத்து சிலிண்டர் சுவர் மெலிந்திருக்கும், டூப்ளிகேட் கிராங்க் போட்டிருப்பார்கள், ஒரு வண்டியின் சேசிஸில் இன்னொரு வண்டியின் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். மேலே பெயின்ட், ஸ்டிக்கர், குரோமியம் எல்லாம் கண்ணைப் பறிக்கும். லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள்.

வாங்கியவன் அதோடு நிற்பதில்லை, வேகம் ஏற்றுகிறேன் என்று ஆரம்பிக்கிறான். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம் திறந்து மூடும் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள்தான் வால்வு. எந்தத் துவாரம் எந்த உயரத்தில் திறக்கிறது என்பதில்தான் அந்த எஞ்சினின் உயிரே இருக்கிறது. புகை வெளியேறும் துவாரத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் சக்தி மேல் வேகத்துக்கு ஓடிப்போகும், கீழே இழுவை செத்துவிடும். பந்தயத் திடலில் அது பயன்படலாம். நம்முடைய திருவையாறு சாலை பந்தயத் திடலா? ஒரு பக்கம் காவிரிக் கரை, வளைவுக்கு வளைவு ஊர், அறுவடை நாளில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. இங்கே தேவை இரண்டாம் கியரில் இழுக்கும் இழுவை, அதைத்தான் ராவி எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றுகிறார்கள். காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைகிறது, எஞ்சின் கொதிக்கிறது. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே 2டி ஆயிலைக் கலக்கிறார்கள். ஒரு நாள் அளவு தவறினால் போதும். கிராங்கின் ஓரத்தில் காய்ந்துபோன ஆயில் சீல் வழியே காற்று கசிந்தாலும் அதே கதிதான். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுவிடும். 1998இல் எனக்கு அது நடந்தது. இப்படி ராவிய ஆர்.எக்ஸ். ஒன்றில் அணைக்கரை பாலத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள் இருவரும் தரையில் கிடந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த மச்சினனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அன்றைக்கு முதல் எந்தப் பையன் ஆர்.எக்ஸ். என்று சொன்னாலும் எனக்கு அந்தச் சாலைதான் ஞாபகம் வருகிறது. ஆகவே இந்த வண்டி விஷயத்தில் நான் நடுநிலை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கு என் பக்கம் இருக்கிறது. 98 சிசியில் 11 குதிரைத்திறன் எடுக்கும் எஞ்சினுக்குத் தவறைப் பொறுக்க இடமே இல்லை. பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 346 சிசியில் எடுப்பது 18தான். அழுத்த விகிதம் வெறும் 6.5. சோம்பலாக வேலை செய்யும் அந்த எஞ்சின் உங்கள் தவறை உடனே தண்டிக்காது. டேப்பெட்டைக் கொஞ்சம் தப்பாக வைத்தால் சத்தம் போட்டுச் சொல்லும், பாயிண்ட் இடைவெளி தப்பினால் கிளம்ப மறுக்கும். எஞ்சின் உடைவதற்கு முன் பேசும். கற்றுக்கொள்பவனுக்கு அப்படிப்பட்ட வண்டிதான் வேண்டும்.

1955இல் தொடங்கிய கம்பெனியின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி அது, நம் ஊர் லேத் பட்டறைகளுக்கு அதன் ஒவ்வொரு அங்கமும் மனப்பாடம். டேப்பெட் பார்க்க ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான். கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு முழு மிதி. அவசரப்பட்டவன் காலை அது திருப்பி அடிக்கும். என் கொட்டகையில் 1978 மாடல் ஒன்று நிற்கிறது. அதன் ஸ்மால் எண்ட் புஷ்ஷை கன்மெட்டலில் கடைந்து கொடுத்தவர் சிலைப் பட்டறைகளுக்கும் வேலை செய்கிற நம் ஊர்க்காரர். வலது பக்க கியர், இடது பக்க பிரேக் பழகப் பத்து நாள் ஆகும். ஆயில் கசியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் தயாரான யெஸ்டியும் பரவாயில்லை. கிக்கரே கியர் லீவராவதைப் பார்த்துப் பையன்கள் சந்தோஷப்படுவார்கள். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான், ஆனால் 250 சிசி, ஆர்.எக்ஸ். அளவுக்கு முறுக்கேற்றியதல்ல. உதிரிபாகம் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் 'ஹாட் ராட்' என்று கொண்டாடுகிறார்களே, அந்தப் பையன்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். ஃபோர்டு 1932இல் கொண்டுவந்த வி8 எஞ்சின் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது, அமைப்பும் எளிது. பழைய லேசான உடம்பில் அதைப் பொருத்தி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். கையருகே கிடைப்பதை, தமக்குப் புரிவதை எடுத்தார்கள். ஓட்டிப் பார்க்கத் தனி இடமும் அவர்களுக்கு இருந்தது.

எந்த வண்டியானாலும் இரண்டு விஷயம் மறக்காதீர்கள். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி வீங்கும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நின்றே கிடக்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். குழாய்களை மாற்றுங்கள், வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். அடுத்தது பிரேக். எஞ்சினுக்குச் செலவழிப்பதற்கு முன் பிரேக் ஷூவும் டயரும் புதிதாக இருக்க வேண்டும். இதில் பேரம் இல்லை.

வண்டியைத் தேர்வு செய்வதைவிட, இது உங்கள் கைக்கு வரும் வேலையா என்று பார்ப்பது முக்கியம். எங்கள் ஊரில் சிலை வார்க்கும் ஸ்தபதி பட்டறை ஒன்றில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பார்கள். மெழுகில் மூக்கு கோணினால் மறுபடி உருக்கிப் பிடிக்கலாம். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் வெடிக்கும். வெடித்த அச்சில் உலோகம் ஊற்றினால் எல்லாம் போயிற்று. அங்கே வேலை கற்கும் பையன்களை முதல் நாளே உலோகம் ஊற்ற விடுவதில்லை. மண் பிசையவும் அரம் பிடிக்கவும்தான் விடுகிறார்கள். சிலருக்கு அந்த மண் பிசைவதே பிடித்துப்போகிறது, அவர்கள் நிலைக்கிறார்கள். ஒரு நட்டைத் துடைத்து எந்த இடத்து நட்டு என்று சீட்டு எழுதி டப்பாவில் போடுவது உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் இந்த வேலை வேண்டாம், கண்ணா. அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. வேறு ஏதோ ஒன்றில் உங்கள் கை நிலைக்கும், அதைத் தேடுங்கள். பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன். தாத்தாவின் காரைப் பேரன் நேசிக்க வேண்டும் என்று உத்தரவு போட முடியாது. அந்த அம்பாசிடர்காரரிடம், ஆசையுள்ள ஒருவரிடம் காரைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. பையன் போகும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஆர்.எக்ஸ். பையனின் இரண்டு சாக்கும் என் கொட்டகையில்தான் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தோடு வந்தால் சிலிண்டரைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சிலிண்டரை மட்டும் இனி மாட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதுவரைக்கும் அப்பாவின் எக்ஸெல்லில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டச் சொன்னேன். மூன்று ஞாயிறாக வருகிறான். முதல் வாரம் மாட்டியபின் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. போன ஞாயிறு எதுவும் மிச்சமில்லை, முதல் மிதியிலேயே கிளம்பிற்று. அடுத்த வாரம் பிரேக் ஷூ கழற்றுகிறோம்.