கோடைக்கானல் தந்த விண்ணிரும்பு

சென்ற ஆண்டு ஒருநாள், ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், மஞ்சள் பையில் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு எங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். கடலைக் கொல்லையை உழுதபோது கிடைத்ததாம். கன்னங்கரேலென்ற நிறம், அளவுக்கு மிஞ்சிய கனம், காந்தத்தைக் காட்டினால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

“சார், இது விண்கல்தானே?”

ஓரத்தைத் தட்டி உடைத்தேன். உள்ளே குமிழ் குமிழாகத் துளைகள்; இடையிடையே பச்சை கலந்த கறுப்புக் கண்ணாடி. “இது இரும்புச் சிட்டம், தம்பி. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் செம்புறாங்கல்லையே உலையிலிட்டு இரும்பு உருக்கினார்கள். இரும்பும் கண்ணாடியும் ஒன்றாயிருந்தால் அது உலையில் பிறந்தது” என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

அன்றிரவு புத்தகத்தைப் புரட்டியபோதுதான், என் தீர்ப்பின் பின்பாதி தவறென்று தெரிந்தது. இரும்பும் கண்ணாடியும் ஒன்றாயிருக்கும் விண்கல் உண்டு. அதுவும் தொலைவில் இல்லை; நம் பழனி மலைத்தொடரில் கிடைத்தது!

விண்கற்கள் மிகுதியாகக் கிடைப்பது சகாரா போன்ற பாலைவனங்களிலும் அண்டார்டிகாவின் பனிப்பரப்பிலும்தான். அங்கே கறுத்த கல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஈரமின்மையால் எளிதில் சிதையவும் சிதையாது. ஆனால் மழையும் மூடுபனியும் குறையாத கோடைக்கானலில், 1898-ஆம் ஆண்டு 15.9 கிலோ எடையுள்ள விண்ணிரும்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. (சூரியனை ஆராயும் வானாய்வகம் அவ்வூரில் நிறுவப்பட்டது அதற்கடுத்த ஆண்டு. வானம் முந்திக்கொண்டது போலும்!) வியன்னாவைச் சேர்ந்த பெர்வெர்த் என்னும் அறிஞர் 1906-இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இதன் பெரும்பகுதி இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம். நிக்கல் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு. இவ்வுலோகத்தில் நிக்கல் குறைந்த காமசைட்டு, நிக்கல் மிகுந்த டேனைட்டு என இரு கனிமங்கள் உள்ளன. இரும்பு, நிக்கல், பாஸ்பரஸ் சேர்ந்த ஷ்ரைபர்சைட்டும் காணப்படுகிறது. இவை பல விண்ணிரும்புகளில் உள்ளவைதாம். அருமை வேறிடத்தில் இருக்கிறது. உலோகத்தின் நடுவே, பாகில் விழுந்த பருப்புப் போல, சிலிக்கேட்டுத் துளிகள் புதைந்து கிடக்கின்றன. அத்துளிகளில் பைராக்சீன் படிகங்கள்; அவற்றைச் சூழ்ந்து சோடியமும் பொட்டாசியமும் நிறைந்த கண்ணாடி.

இங்கேதான் புதிர். உருகிய பொருள் படிகமாக அவகாசமின்றிச் சட்டென ஆறினால்தான் கண்ணாடி உண்டாகும். காமசைட்டும் டேனைட்டும் தனித்தனியே பிரிவதற்கோ உலோகம் மிக மிக மெதுவாக, ஆண்டுக் கணக்கை இலட்சங்களில் எண்ணும்படி ஆற வேண்டும். ஒரே கல்லில் இரண்டும் எப்படி? விண்ணில் நேர்ந்த மோதலொன்றில் உருகிய சிலிக்கேட்டு உலோகத்தோடு கலந்து முதலில் விரைந்து ஆறியது, பிறகு இடிபாடுகளின் அடியில் புதையுண்டு மிச்ச வெப்பத்தை மெல்ல இழந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

அந்தக் கண்ணாடியே இதன் வயதையும் சொல்லிற்று. பொட்டாசியம் மிகுந்த இடத்தில் அதன் உறவான ருபிடியமும் தங்கும். ருபிடியம்-87 கதிரியக்கத்தால் ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறும். அதில் பாதி மாறுவதற்கே சுமார் 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். இந்த மெதுவான கடிகாரத்தைக் கொண்டு பர்னெட், வாசர்பர்க் ஆகிய இருவரும் 1967-இல் கணக்கிட்டபோது 380 கோடி ஆண்டுகள் என்று வந்தது. பின்னர் ஈயத்தைக் கொண்டு அளந்தவர்கள் ஏறத்தாழ 368 கோடி என்றனர். சூரியக் குடும்பத்தின் வயது 456 கோடி. விண்ணிரும்புகளில் பெரும்பாலானவை அதன் தொடக்க காலத்தவை. அவற்றிடையே இது ஏறக்குறைய தொண்ணூறு கோடி ஆண்டு இளையது!

மறுநாள் அந்த மாணவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தேன். துளைகளை மட்டும் வைத்தே நான் சிட்டம் என்று சொல்லியிருக்கலாம். விண்ணிரும்பில் அப்படிக் குமிழ்த்துளைகள் காண்பது அரிது. கண்ணாடியைச் சாட்சிக்கு இழுத்ததுதான் பிழை என்றேன். கல்லிலிருந்து கொஞ்சம் உலோகத்தை அரத்தால் அவரே சுரண்டினார். அமிலத்தில் கரைத்து, இரும்பு வீழ்படிவாகிக் குறுக்கிடாதிருக்கச் சிட்ரேட்டுச் சேர்த்து, அம்மோனியா ஊற்றி, டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். நிக்கல் இருந்தால் ரோசாச் சிவப்பு வீழ்படிவு தோன்ற வேண்டும். இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு வரவில்லை.

“சிட்டந்தான் சார்” என்று இம்முறை அவரே சொன்னார். கல்லை எங்கள் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

இப்படிப்பட்ட கல் வேறெவருக்கேனும் கிடைத்தால், கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, உடைக்காமலும் தீயில் காட்டாமலும் கொண்டு வாருங்கள். சோதனையில் சிவப்பு வந்தால், இந்தியாவில் விழும் விண்கற்களைக் காக்கும் பொறுப்புடைய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதுவோம்.