களையெடுக்கும் இயந்திரத்தில் கார்புரேட்டரை மாற்றும் முறை

அடி அண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் நிலக்கடலை ஒரு முக்கியப் பயிராகும். விதைத்த 45 நாட்களுக்குள் களையெடுத்து மண் அணைத்துவிடல் வேண்டும். அதன்பின் விழுதுகள் மண்ணில் இறங்குமாதலால் நிலத்தைக் கிளறலாகாது. இத்தருணத்தில் பெட்ரோலால் இயங்கும் களையெடுக்கும் இயந்திரம் நின்றுவிட்டால், பழுது பார்ப்பவரை நாடி நகரத்திற்கு அலைவதிலேயே பருவம் தவறிவிடும். இவ்வாறு நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது கார்புரேட்டரே. ஸ்பேனரும் திருப்புளியும் இருப்பின், இதனை வீட்டு முற்றத்திலேயே சீர்செய்யலாம்.

கார்புரேட்டரின் பணி

பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அளிப்பதே இதன் பணி. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். கிண்ணத்திலுள்ள மிதவை பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும். ஜெட் எனும் நுண்துளை வழியே பெட்ரோல் மேலே உறிஞ்சப்படும். நாட்பட்ட பெட்ரோல் பிசினாகி இத்துளையை அடைத்துவிடும். 2023 முதல் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலின் கிண்ணத்தில் துருவும் ஏறலாம்.

முதற்கண் ஆராய வேண்டியவை

சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றுவிடுமாயின் ஜெட் அடைபட்டிருக்கக் கூடும். கிண்ணத்தைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனரால் கழுவி, காற்று ஊதிப் பார்க்க வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் வீணாகும். துரு அரித்திருந்தாலோ, கழுவியும் குறை தீராவிட்டாலோ மட்டுமே புதியது வாங்குக.

மாற்றும் முறை

1. எஞ்சின் நன்கு ஆறியபின், திறந்த வெளியில், அருகில் நெருப்பின்றி வேலையைத் தொடங்குக. பெட்ரோல் குழாயை மூடி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றுக.

2. காற்று வடிகட்டியை எடுத்து, கிண்ணத்துப் பெட்ரோலை வடித்து, ரப்பர் குழாயைப் பிரிக்கவும்.

3. ஆக்சிலேட்டர் கம்பியும் ஸ்பிரிங்கும் எத்துளையில் மாட்டப்பட்டுள்ளன என்பதைக் குறித்துக்கொள்க. ஸ்பிரிங்கை வளைத்தால் எஞ்சின் கட்டுமீறி ஓடும்.

4. இரு நட்டுகளையும் கழற்றி, கேஸ்கட்டுகளின் வரிசையை நினைவிற் கொள்க. எஞ்சின் வாயைத் தூய துணியால் மூடுக.

5. பழையதன் எண்ணும் அளவும் ஒத்த கார்புரேட்டரையே, துணியை எடுத்துவிட்டு, புதிய கேஸ்கட்டுகளுடன் பொருத்துக. நட்டுகளை மாறி மாறிச் சீராக முடுக்குக.

6. கழற்றிய பிற பாகங்களையும் பழையபடி மாட்டி, குழாயைத் திறந்து கசிவு இல்லையென உறுதி செய்தபின் பிளக் மூடியை மாட்டி இயக்குக.

தோளில் மாட்டும் புல்வெட்டும் கருவியின் கார்புரேட்டரில் இத்தகைய கிண்ணம் இல்லை. அதன் முறை வேறு.

பருவம் முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டால் கிண்ணம் காலியாகும். இச்சிறு பழக்கமே புதிய கார்புரேட்டரின் செலவை மிச்சப்படுத்தும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரில் இளைஞர் இருவருக்கேனும் இவ்வேலையைப் பழக்குவித்தால், களையெடுக்கும் காலத்தில் எந்த வயலும் காத்திருக்க நேராது.