தன்னை எழுப்பிய ஆணை நிரலுக்குத் தெரியுமா?

கணிப்பொறியில் ஓர் ஆணையைத் தட்டுகிறீர்கள். உடனே ஒரு நிரல் ஓடத் தொடங்குகிறது. தன்னை எழுப்பிய ஆணை எது என்று அந்த நிரலால் அறிய முடியுமா?

முடியும். கடைக்கு அனுப்பப்படும் சிறுவனின் கையில் மளிகைச் சீட்டு இருப்பதுபோல, நிரலும் ஒரு சீட்டோடுதான் பிறக்கிறது. லினக்ஸ் இயக்க அமைப்பில் இது எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம்.

'நகலெடு கணக்கு விடை' என்று ஆணையிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதற்சொல் நிரலின் பெயர். மற்றவை கோப்புகளின் பெயர்கள். ஷெல் என்னும் நிரல் இவ்வரியை மூன்று சொற்களாகப் பிரிக்கிறது. இயக்க அமைப்பின் மையமான கெர்னல், அச்சொற்களைப் புதிய நிரலுக்குரிய நினைவகத்தில் எழுதிவைக்கிறது. பிறகே நிரல் ஓடத் தொடங்கும். சி மொழி நிரலானால், சொற்களின் எண்ணிக்கையும் பட்டியலும் அதன் 'மெயின்' பகுதிக்குக் கிடைக்கும். பட்டியலை 0 முதல் எண்ணுவது வழக்கம். ஆகவே நிரலின் பெயர் 0-ஆம் சொல். 'கணக்கு' 1-ஆம் சொல். 'விடை' 2-ஆம் சொல்.

நீங்கள் தட்டிய வரி அப்படியே போய்ச் சேருமா? சேராது. பல கோப்புகளைச் சேர்த்துக் குறிக்க நட்சத்திரக் குறி இட்டால், ஷெல் அதற்குப் பதிலாகக் கோப்புப் பெயர்களையே வரிசையாகக் கொடுத்துவிடும். நிரல் அந்தக் குறியைக் காண்பதே இல்லை. விண்டோசில் முறை வேறு. அங்கு முழு வரியும் நிரலிடம் வருகிறது. பிரித்துக்கொள்வது நிரலின் பொறுப்பு.

சீட்டை முழுதும் நம்பலாமா? கூடாது. 0-ஆம் சொல், எழுப்பியவர் சொன்ன பெயர்தான். அது பொய்யாகவும் இருக்கலாம். பட்டியலே வெறுமையாகவும் வரலாம். பிற நிரல்களை உயர் அதிகாரத்துடன் ஓட்டித்தரும் 'பிகேஎக்செக்' என்ற லினக்ஸ் நிரல், 2009இல் வந்த முதற்பதிப்பிலிருந்தே இதை எதிர்பார்க்கவில்லை. வெறும் பட்டியல் வந்தபோது, பட்டியலுக்கு அப்பால் இருந்த நினைவகத்தை 1-ஆம் சொல் என்று எண்ணிப் படித்தது. இவ்வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்பது 2022 ஜனவரியில் வெளியாயிற்று. பின்னர் கெர்னலும் திருத்தப்பட்டது. இப்போது வெறும் பட்டியல் வந்தால், அதுவே 0-ஆம் இடத்தில் ஒரு வெற்றுச் சொல்லை வைத்துவிடுகிறது.

இன்னோர் எச்சரிக்கை. லினக்ஸில் ஒரு நிரலின் சீட்டை அதே கணிப்பொறியின் பிற பயனர்களும் பொதுவாகப் படிக்க முடியும். எனவே கடவுச்சொல்லை ஆணை வரியில் எழுதாதீர்கள்.

செய்து பாருங்கள்: தனக்கு வந்த சொற்களை எண்ணிட்டு அச்சிடும் சிறு நிரல் ஒன்று எழுதுங்கள். அதற்கு நட்சத்திரக் குறியைக் கொடுத்துப் பாருங்கள். என்ன அச்சாகிறது?