வீட்டில் வண்ணமீன் தொட்டி: முதல் ஆறு வாரக் கவனிப்பு

கடையில் நெகிழிப் பையில் கட்டிக் கொடுத்த மீன்கள், புதுத் தொட்டியில் விட்ட பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பது, வண்ணமீன் வளர்க்கத் தொடங்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான். கடைக்காரர் நோய்ப்பட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று சிலர் எண்ணுவர். தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று வேறு சிலர் தொட்டியை முழுவதும் காலி செய்து, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் அலசி, புது நீர் நிரப்பி, மீண்டும் மீன் வாங்கி விடுவர். அவையும் பிழைப்பதில்லை. பிறகு தொட்டி பரணுக்குப் போய்விடும். ஆசையாய்க் கேட்ட பிள்ளைகளின் முகம்தான் வாடும். பெரும்பாலும் இந்தச் சாவுக்குக் காரணம் நோயன்று, அமோனியா. யூரியா இட்டுப் பழகிய நீங்கள் இதை நகரத்தாரைவிட எளிதில் விளங்கிக்கொள்ள முடியும்.

வயலில் நடப்பதே தொட்டியிலும்

வயலில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாக மாறுகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியில் யூரியா இடுவார் யாருமில்லை. ஆனால் மீன் தன் செவுள் வழியாக இரவும் பகலும் அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீவனமும் அழுகி அமோனியாவாகிறது. வயல் மண்ணில் இந்த நுண்ணுயிர்கள் இயல்பாகவே உண்டு. கழுவித் துடைத்த புதுத் தொட்டியிலோ அவை மிகச் சொற்பம். கல்லிலும் பஞ்சிலும் அவை படிந்து போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில்தான் மீன்கள் மடிகின்றன.

அமோனியா செவுளைப் புண்ணாக்குகிறது. நைட்ரைட்டு இரத்தத்தில் கலந்து, அது பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. அப்போது செவுள் பழுப்பேறும், மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து நிற்கும். நைட்ரேட்டால் அவ்வளவு கேடில்லை. காரத்தன்மை மிகுந்த நீரிலும், வெதுவெதுப்பான நீரிலும் அமோனியாவின் நஞ்சு கூடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கோடையில் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தொட்டியும் நீரும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி தொடக்கத்திற்குப் போதும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் அழகாயிருக்கலாம், வாங்க வேண்டாம். குட்டையைவிட ஏரி மெதுவாகக் கெடுவதுபோல, சிறு கிண்ணத்தைவிடப் பெரிய தொட்டியே பராமரிக்க எளிது. கல்லும் நீரும் சேர்ந்தால் தொட்டி ஏறக்குறைய 70 கிலோ கனக்கும். ஆகவே ஆடாத மேசைமீது, அடியில் தெர்மாகோல் தகடு வைத்து அமர்த்துங்கள். வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால் நீர் பாசி படிந்து பச்சையாகிவிடும்.

ஆற்றுப் பொடிக்கல்லைக் கலங்கல் போகும்வரை கழுவி 2 அங்குல உயரம் பரப்புங்கள். குளத்து வேலம்பாசியை, இளஞ்சிவப்பாகக் கரைத்த பெர்மாங்கனேட் நீரில் 10 நிமிடம் வைத்து, நல்ல நீரில் அலசி நடலாம். அது அமோனியாவையும் ஓரளவு எடுத்துக்கொள்ளும். காற்று மோட்டாரும், அதனோடு இணைந்த ஸ்பாஞ்சு வடிகட்டியும் அவசியம். மோட்டாரை நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நிற்கும்போது குழாய் வழியே நீர் திரும்பி மோட்டாரில் இறங்கிவிடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். குளோரின் மீனையும் கொல்லும், நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிரையும் கொல்லும். ஆழ்குழாய் நீரில் பிராணவாயு குறைவு. அதையும் முதல் நாளே பிடித்து, மொண்டு மொண்டு ஊற்றி ஆற்றிவிடுங்கள். உப்புச் சுவையுள்ள கடின நீர்தான் கிடைக்கிறது என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். கப்பியும் மோலியும் அத்தகைய நீரில் நன்றாகவே வாழும்.

உறை ஊற்றுதல்

பாலுக்கு உறைமோர் வேண்டுவதுபோலத் தொட்டிக்கும் வேண்டும். நெடுநாள் நலமாக நடந்துவரும் ஒரு தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சை உங்கள் தொட்டி நீரில் பிழிந்து தரச் சொல்லுங்கள். அந்தக் கலங்கல்தான் உறை. நீர் சற்று மங்கினாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும். நோய் கண்ட தொட்டியின் பஞ்சு மட்டும் கூடாது.

முதலில் நான்கு கப்பிகள் போதும். பையைத் திறக்காமல் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்துப் பழக்கி, மீனை மட்டும் உள்ளே விடுங்கள். முதல் ஆறு வாரங்களுக்குத் தீவனம் ஒரு வேளை, அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே. இங்கேதான் வீட்டுப் பெரியவர்கள் தோற்றுப் போகிறார்கள். வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் பசிக்கிறது என்று தோன்றும், கை தானே தீவன டப்பாவுக்குப் போகும். வேண்டாம்.

இந்தக் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை எடுத்துவிட்டு, ஆற்றி வைத்த நீரை ஊற்றுங்கள். மீன்கள் மேலே வந்து திணறினால் உடனே பாதி நீரை மாற்றுங்கள். நைட்ரைட்டுதான் காரணம் எனத் தோன்றினால், அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள் வழியே உள்ளே புகுவதைத் தடுக்கும். ஆறு வாரம் கடந்து மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தால், வாரத்திற்கு இரண்டு மூன்றாக மீன்களைக் கூட்டி, மொத்தம் 12 வரை விடலாம். அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றினால் போதும். எடுத்த நீரைக் கறிவேப்பிலைக்கோ தக்காளிக்கோ ஊற்றுங்கள். உப்புக் கரைத்த நாட்களில் மட்டும் வேண்டாம்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் வைத்து, அதிலேயே இரண்டு முறை பிழிந்து மாட்டுங்கள். பஞ்சு பழுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும். பளிச்சென்று வெளுத்த பஞ்சில் உறை இல்லை.

உழவர் வீட்டில் தனிக் கவனம்

பூச்சிமருந்துக்கு மீன் தாங்காது. சிறப்பாக, செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். மருந்து தெளித்த நாளில் தொட்டிக்குள் கை விட வேண்டாம். மருந்து கலக்கிய வாளி, குவளை எதுவும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. நானே ஒருமுறை, நன்றாகக் கழுவியாயிற்று என்று நம்பி அத்தகைய வாளியில் நீர் மொண்டு ஊற்றினேன். மறுநாள் காலையில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. கொசுவுக்குத் தெளிக்கும் மருந்தை மீன் தொட்டியுள்ள அறையில் அடிக்கக் கூடாது. காற்று மோட்டார் அதை இழுத்து நீருக்குள் அனுப்பிவிடும்.

மின்வெட்டு நீண்டால் மணிக்கொரு முறை ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பஞ்சிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சுவிடுபவைதாம்.

மிஞ்சும் மீன்கள்

ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால், கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்திற்கு ஒருமுறை குஞ்சு போடும். தாயே குஞ்சுகளைத் தின்னும். வேலம்பாசி அடர்ந்திருந்தால் சில தப்பும். இனப்பெருக்கம் வேண்டாதவர்கள் ஆண்மீன்களை மட்டும் வாங்குவது நல்லது. ஆணுக்கே நிறமும் வாலும் அதிகம்.

‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் தரும் உறிஞ்சுவாய் மீன், பெயருக்கேற்பத் தொட்டியைச் சுத்தம் செய்துவிடாது. அதன் கழிவே ஏராளம். ஓரடிக்கு மேலும் வளரும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன், வீடுகளிலிருந்து ஏரியிலும் வாய்க்காலிலும் விடப்பட்டுத் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது, முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தாலும், மற்ற மீன்கள் மிஞ்சினாலும், கண்மாயிலோ கிணற்றிலோ விடாமல், கேட்பவருக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.