முன் அறைக்கு வெளிச்சம் வரட்டும்: ஜன்னல் திரையை மாற்றிப் பார்ப்போம்



இந்த மாதப் பாடம் கடன் பற்றியது இல்லை, பதிவேடு பற்றியதும் இல்லை. நம்ம வீட்டு முன் அறை ஜன்னலைப் பற்றியது. "ஜன்னலைப் பற்றிப் படிக்க என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் முன் அறையில் டியூப் லைட் எரிகிறதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். வெளியே கண் கூசும் வெயில் அடிக்கிறது. உள்ளே லைட் போட்டால்தான் அரிசியில் கிடக்கும் கல் தெரிகிறது. பல வீடுகளில் இதுதான் நிலைமை.

நம் குழுக் கூட்டமும் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு முன் அறையில்தான் நடக்கிறது. கரண்ட் போனால் தீர்மானப் புத்தகத்தை வாசலுக்கு எடுத்து வந்து எழுதுகிறோம். அந்த வீட்டில் ஜன்னல் இருக்கும். அதை மூடி வைத்திருப்போம், அவ்வளவுதான்.

ஜன்னலை எது மூடியிருக்கிறது?

உங்கள் வீட்டு ஜன்னலை ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்றாவது இருக்கும்.

- மழைச் சாரலுக்காக ஆணி அடித்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர் அல்லது நீலத் தார்ப்பாய்
- கம்பியில் செருகிய அட்டை, சிமெண்ட் சாக்கு
- கெட்டியான, அடர் நிறத் திரை. எப்போதும் இழுத்து விட்டபடியே இருக்கும்
- வருஷக் கணக்கில் துவைக்காத கொசு வலை. தூசி அடைத்து வலை கறுத்திருக்கும்
- உள்ளே பீரோ அல்லது நெல் மூட்டை, வெளியே விறகு அடுக்கு

மழைக்காகவோ திருடனுக்காகவோ கட்டியது, காரணம் போன பிறகும் அப்படியே நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப் பரப்பில் 10-ல் 1 பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. ஈரப்பதமான வெப்பப் பகுதிக்கு 6-ல் 1 பங்கு. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் தரை 120 சதுர அடி. அதற்குக் குறைந்தது 12 சதுர அடி ஜன்னல் வேண்டும். 3 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள ஒரு ஜன்னல் சரியாக 12 சதுர அடி. அதில் பாதியை ஃப்ளெக்ஸ் அடித்து மூடினால், கொத்தனார் கொடுத்த வெளிச்சத்தில் பாதியை நாமே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இருட்டறையால் நமக்கு என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் கண்ணுக்கு. தையல், பூக்கட்டு, பீடி சுற்றுதல், எம்பிராய்டரி எல்லாம் கண்ணைக் கொண்டு செய்யும் வேலை. 40 வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். இதை வெள்ளெழுத்து என்கிறோம். இருட்டில் இந்தத் தொந்தரவு இன்னும் கூடும். தலைவலி வரும், தையல் கோணலாகும், வேலை மெதுவாகும். பிள்ளைகள் பாடம் படிப்பதும் இதே அறையில்தான்.

இரண்டாவது உடம்புக்கு. காசநோய்க் கிருமி காற்று வழியாகப் பரவுகிறது. நோயாளி இருமும்போது வெளியே வரும் கிருமி, அடைபட்ட இருட்டறையில் பல மணி நேரம் காற்றிலேயே மிதக்கும். காற்றோட்டம் அதை வெளியே தள்ளும். நேரடி வெயில் அதைக் கொல்லும். ஜன்னலைத் திறந்தால் நோய் குணமாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

மூன்றாவது மின்சாரம். 40 வாட் டியூப் லைட் பகலில் 6 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. 60 நாளைக்கு 14.4 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வாசலில் சும்மா கிடைக்கும் வெளிச்சத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

மறைப்பு வேண்டும் என்பதும் நியாயம்தான்

"ஜன்னலைத் திறங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வீட்டில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

மாமியார்: "ஜன்னலைத் திறந்து போட்டா ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் உள்ள பாப்பான். வயசுப் பொண்ணு இருக்கற வீடு."

மருமகள்: "மூடி வச்சா நாள் பூரா நான் இருட்டுக்குள்ள தைக்கிறேன் அத்தை. ஊசியில நூல் கோக்கவே வாசலுக்குப் போக வேண்டியிருக்கு."

ஊக்குநர்: "ரெண்டு பேர் சொல்றதும் சரிதாம்மா. அடுத்தவங்க பார்வையை மறைக்கணும், வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. அதுக்கு வழி இருக்கு."

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டிப் பார்க்கிறவர் தெருவில் வெளிச்சத்தில் நிற்கிறார். இருட்டில் உட்கார்ந்திருப்பது நம் வீட்டுப் பெண். பகலில் அந்த அறையில் அதிக நேரம் இருப்பது யார், ஜன்னலை மூடச் சொல்வது யார் என்று உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள்

ஒன்று: ஜன்னலின் மேல் பாதி வழியாக வரும் வெளிச்சம்தான் அறைக்குள் தூரமாகப் போகும். கீழ்ப் பாதி வெளிச்சம் ஜன்னல் ஓரத்திலேயே நின்றுவிடும். தெருவில் நடப்பவரின் கண் ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருக்கும். நம் வீட்டுத் தரை தெருவைவிட ஒன்றரை, இரண்டு அடி உயரம். அதனால் மேல் பாதி வழியாக அவர் எட்டிப் பார்த்தாலும் தெரிவது கூரையும் ஃபேனும்தான். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு வைத்தது இதற்காகத்தான். கீழ்க் கதவைச் சாத்தி, மேல் கதவைத் திறந்து வைப்பார்கள்.

இரண்டு: பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. அதனால் மெல்லிய வெள்ளைத் துணி கட்டினாலே வெளியில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது. துணி வழியாக வெளிச்சம் மட்டும் வரும்.

மூன்று: ராத்திரி லைட் போட்டதும் இது தலைகீழாகிவிடும். மெல்லிய துணி வழியாக உள்ளே இருப்பது வெளியே நன்றாகத் தெரியும். அதனால் விளக்கு வைத்த பிறகு இழுத்துவிட ஒரு கெட்டித் திரை தனியாக வேண்டும்.

ஆக, நமக்குத் தேவை இரண்டு திரை. பகலுக்கு ஒரு அரைத் திரை, ராத்திரிக்கு ஒரு முழுத் திரை. அலுவலக வாசலில் பாதி உயரத்துக்குத் தொங்கும் திரையைப் பார்த்திருப்பீர்கள். அதே யோசனைதான்.

செய்முறை: 3 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள ஜன்னலுக்கு

முதலில் சோதனை. ஒருவர் தெருவில் நிற்கட்டும். ஒருவர் உள்ளே பாயிலும், பிறகு நாற்காலியிலும் உட்காரட்டும். உள்ளே இருப்பவர் தெரியாத உயரம் எதுவோ, அங்கே ஜன்னல் சட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பல வீடுகளில் அது பாதி உயரமாக, அதாவது 2 அடியாக இருக்கும். சிமெண்ட் ரோடு போட்டுப் போட்டு உங்கள் தெரு உயர்ந்திருந்தால் கோடும் கொஞ்சம் மேலே போகும்.

துணி எதுவானாலும் வெட்டுவதற்கு முன் நனைத்துத் துவைத்துக் காயப்போடுங்கள். புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும்.

பகல் திரை (அரைத் திரை):
1. பழைய வெள்ளை 4 முழ வேட்டி ஒன்று போதும். பொங்கலுக்கு வாங்கி மடித்து வைத்த வேட்டியும் ஆகும்.
2. அகலம்: 3 அடியின் ஒன்றரை மடங்கு 4½ அடி. அப்போதுதான் சுருக்கம் விழும். ஓர மடிப்புக்கு 2 அங்குலம் சேர்த்து 4 அடி 8 அங்குலம் வெட்டவும்.
3. உயரம்: 2 அடி. மேல் மடிப்புக்கு 2 அங்குலம், கீழ் மடிப்புக்கு 2 அங்குலம் சேர்த்து 2 அடி 4 அங்குலம்.
4. மேல் மடிப்புக்குள் ஸ்பிரிங் கம்பியை நுழைத்து, சட்டத்தின் இரு பக்கமும் கொக்கியில் மாட்டவும். ஜன்னல் கதவு உள்பக்கம் திறந்தால் கம்பி வேண்டாம். மேல் ஓரத்தில் நாடா தைத்து கிரில்லிலேயே கட்டிவிடலாம்.

ராத்திரித் திரை (முழுத் திரை):
1. பழைய நூல் புடவை ஒன்று. ஏறக்குறைய 18 அடி நீளம் இருக்கும்.
2. கம்பியை ஜன்னலுக்கு 3 அங்குலம் மேலே, இரண்டு பக்கமும் 8 அங்குலம் தள்ளிச் சுவரில் மாட்டவும். பகலில் திரையைச் சுவர்ப் பக்கம் முழுக்க ஒதுக்கிவிடலாம். ஜன்னலின் ஒரு அங்குலம்கூட மறையாது. இதுதான் முக்கியம்.
3. கம்பி நீளமாக இருப்பதால் நடுவில் தொய்யும். நடுவிலும் ஒரு கொக்கி வைக்கவும்.
4. ஜன்னல் உயரம் 4 அடி. மேலே 3 அங்குலம், கீழே தொங்க 6 அங்குலம், மடிப்புகளுக்கு 5 அங்குலம். மொத்தம் 5 அடி 2 அங்குலம். இந்த நீளத்தில் புடவையில் இரண்டு துண்டு வெட்டவும். புடவையின் அகலமே திரையின் அகலம். மீதித் துணி தலையணை உறைக்கு ஆகும்.

திசையைப் பார்த்துச் செய்யுங்கள்

வடக்குப் பார்த்த ஜன்னலில் வெளிச்சம் சீராக வரும், சூடு குறைவு. தையல் மிஷினுக்கு நல்ல இடம். மேற்குப் பார்த்த ஜன்னலில் சாயங்கால வெயில் சுடும். அதற்கு உள்ளே கெட்டித் திரை போடுவதால் பயன் குறைவு. வெயில் உள்ளே வந்த பிறகுதான் திரையில் படுகிறது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ தென்னங்கீற்றோ சாய்வாகக் கட்டினால் சூடு வெளியிலேயே நிற்கும். காலையில் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடலாம்.

கூடவே செய்ய வேண்டியவை

கொசு வலையை எடுத்துவிடாதீர்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், வீட்டுக்குள் இருட்டு மூலையிலும் தொங்கும் துணியிலும் ஒதுங்கும். வலையை மாதம் ஒரு முறை கழுவினால் போதும். ஜன்னலைச் சுற்றியுள்ள சுவருக்கும், எதிர்ச் சுவருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை அறைக்குள் திருப்பி அனுப்பும். பீரோவை ஜன்னல் இல்லாத சுவருக்கு மாற்றுங்கள்.

"வெள்ளைத் துணி அழுக்காகுமே" என்பார்கள். ஆமாம், ஆகும். அழுக்கு கண்ணுக்குத் தெரிவதால்தான் துவைக்கிறோம். அடர் நிறத் திரையில் அதே அழுக்கு வருஷக் கணக்கில் தெரியாமல் இருக்கும்.

எச்சரிக்கை: அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி பக்கத்தில் திரை தொங்கக் கூடாது. நைலக்ஸ், பாலியஸ்டர் புடவை தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். திரைக்குப் பருத்தியே நல்லது. தவழும் குழந்தைக்கு எட்டும்படி நாடா, கயிறு தொங்க விடாதீர்கள்.

செலவு

வேட்டியும் புடவையும் வீட்டிலேயே இருந்தால் வாங்க வேண்டியது ஸ்பிரிங் கம்பி, கொக்கி, நூல் மட்டும்தான். இது கடன் வாங்கிச் செய்யும் வேலை இல்லை. தவணைக்குத் திரை விற்க வருபவர்களிடம் அவசரப்பட்டு வாங்காதீர்கள். துணியை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் துளியும் வராத துணி பகலுக்கு ஆகாது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் பகலில் லைட் எரிகிறது?
2. உங்கள் வீட்டில் ஜன்னலை மூடியது யார், எதற்காக? அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா?
3. கூட்டம் நடக்கும் அறையில் லைட் போடாமல் பாஸ்புக்கைப் படிக்க முடிகிறதா?
4. தையல் தெரிந்த உறுப்பினர் யார்? மற்றவர்களுக்கு நியாயமான கூலிக்குத் தைத்துத் தர முடியுமா?

இந்த மாதம் ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டு முன் அறை ஜன்னலை அளந்து, சாக்பீஸ் கோட்டின் உயரத்தையும் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். முதல் திரையை, கூட்டம் நடக்கும் வீட்டு ஜன்னலுக்கே எல்லோரும் சேர்ந்து தைக்கலாம். பார்த்துவிட்டால் மாமியார்களுக்கும் தைரியம் வரும்.